பன்னிரண்டாவது வால்வு

வீடு வாங்க வருகிறவர்கள்
கூரையைப் பார்ப்பார்கள், கணப்படுப்பைப் பார்ப்பார்கள்,
ஜன்னலுக்கு வெளியே பசு நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.
நான் மின்பலகையின் மூடியைக் கழற்றுவேன்.
அதற்குத்தான் எனக்குக் கூலி.

க்ரூஸ் மாவட்டம், பிப்ரவரி, மைனஸ் நான்கு.
செத்துப்போன லெயோன்ஸ் மொந்தேலின் வீட்டில்
பீங்கான் ஃபியூஸ்கள் ஆறு.
ஒன்றில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக
முள்வேலிக் கம்பியில் ஒரு துண்டு
(அதை மட்டும் எனக்காக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்).
துணி சுற்றிய ஒயர், எலி தின்றது போக மிச்சம்.
குளியல் தொட்டிக்கு நேர் மேலே
சங்கிலி இழுத்தால் எரிகிற பல்பு.
எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்.
குழாயை எப்போதோ பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தார்.
மண்ணுக்குப் போகப் புறப்பட்டது
பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது.

"மாமா எல்லாம் தானே செய்வார்"
என்றான் வீட்டை விற்கும் மருமகன் கஸ்பார்,
பெருமையா மன்னிப்பா என்று தெரியாத குரலில்.
நாந்த்திலிருந்து வந்த திபோவும் எனோராவும்
தலையாட்டினார்கள். கோட்டைக் கழற்றவில்லை.

நிலவறையில் கொதிகலன்.
எழுபத்து நாலாம் வருஷத்துப் பச்சை எனாமல்,
சுற்றிலும் டீசல் நாற்றம், தொட்டிக்கடியில் பழைய கம்பளி.
ஆளில்லாத வீட்டிலும் குறைத்து எரியவிட்டிருந்தார்கள்,
குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று.

மாடியில் ரேடியேட்டர் ஐந்து. கீழே ஆறு.
வால்வுகள் பன்னிரண்டு.
மறுபடி ஏறினேன், எண்ணினேன், இறங்கினேன்.
எண்ணத் தெரியாதவளா நான்?

பதினொன்றின் மேல் பென்சில் எழுத்து: சமையல், படுக்கை, நடை.
பன்னிரண்டில் எழுத்தில்லை.
பதினொன்றில் தூசி.
பன்னிரண்டில் எண்ணெய் போட்டிருந்தது.
அதன் குழாய் பக்கத்து வீட்டோடு பொதுவான கருங்கல் சுவருக்குள்
நேராகப் போனது.

என் வேலை இல்லை இது. ஆனாலும் மூடினேன்.

நாற்பது நிமிஷம் இருக்கும்.
கதவைத் தட்டினார்கள்.
ஆண் கோட்டு போட்ட ஒரு பெண்மணி,
ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில்.
"யார் மூடினது?"

மதாம் ஸிதோனி ஃபொஜெரா, பக்கத்து வீடு.
கஸ்பாருக்கு வாய் அடைத்துவிட்டது.
ஒரு வால்நட் மரம், எல்லைக்கல், கோர்ட்டு, மேல் கோர்ட்டு;
அவளும் மாமாவும் முகம் பார்த்துப் பேசி
பத்தொன்பது வருஷமாம்.

அதற்கு முன்னாலேயே போட்ட குழாய்.
சண்டைக்குப் பிறகு ஏன் மூடவில்லை என்று
அவளைக் கேட்டு என்ன பயன்?
டீசலுக்குப் பணம் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.
"கேட்கவில்லை. கொடுக்கவில்லை."
ஒருநாளாவது நன்றி?
நான்தான் அந்த மரம் என்பது போல
என்னைப் பார்த்தாள்.

இறங்கிப் போய்த் திறந்தேன்.
சுவருக்குள் தண்ணீர் நகர்ந்து
மூன்று முறை டொக்கென்றது.
ஏறி வந்தபோது படியில் ஆளில்லை.
பனியில் கால் தடம், அவள் வாசல் வரை,
எல்லைக்கல்லைச் சுற்றிக்கொண்டு.

மின்சாரத்தில் குறை பதினேழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.
வெப்பத்துக்குக் கடைசித் தரம்.
திபோ அதற்குள் போனில் ஹீட் பம்ப் விலை கேட்டுக்கொண்டிருந்தான்;
பதினாலாயிரம் யூரோ குறைத்தால் கையெழுத்து.
நல்லவன்தான். அந்தக் கொதிகலனை
நானே வைத்திருக்க மாட்டேன்.

எனோரா மட்டும் கேட்டாள்,
"மரம் இப்போது யாருடையது?"
"தீர்ப்பு வந்த வாரமே வெட்டிவிட்டார்" என்றான் கஸ்பார்.
"ஜெயித்தவர் அவர்தான்."

என் படிவத்தில்
சுவருக்கு அந்தப் பக்கம் என்று ஒரு கட்டம் இல்லை.
காரில் உட்கார்ந்து, குறிப்பு என்ற இடத்தில்,
வால்வு பன்னிரண்டு, திறந்த நிலையில், என்று எழுதினேன்.
அடிக்கோடு போட்டேனா என்று நினைவில்லை.
விரல் விறைத்திருந்தது.